போக்காடு: புகழ், நிறம், பழி

1970 வாக்கில் பிரேசிலில் ஒரு கடை. ஐம்பதை நெருங்கும் ஒருவர் சாமான் வாங்க நிற்கிறார். பக்கத்தில் நின்ற பெண்மணி அவரை அடையாளம் கண்டுகொண்டு, தன் சின்ன மகனிடம் கைகாட்டிச் சொல்கிறார்: "பாரு கண்ணா, பிரேசிலையே அழ வைத்த ஆள் இவர்தான்." இதைப் பின்னாளில் அந்த மனிதரே சொல்லியிருக்கிறார். அவர் பெயர் மோவாசிர் பார்போசா, கால்பந்து கோல்கீப்பர். அவர் விட்ட ஒரு கோலுக்கு அப்போது 20 வயது. அந்தப் பையனை விடக் கோலுக்கு வயது அதிகம்.

நடந்தது இதுதான். 1950 ஜூலை 16, ரியோவின் மரக்கானா மைதானம், உலகக் கோப்பையின் கடைசி ஆட்டம். உருகுவேயுடன் டிரா செய்தாலே பிரேசிலுக்குக் கோப்பை. அதற்கு முந்தைய இரண்டு ஆட்டங்களில் ஸ்வீடனை 7-1, ஸ்பெயினை 6-1 என்று நொறுக்கியிருந்தார்கள். ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர் ஆட்டம் பார்க்க அல்ல, கொண்டாடத்தான் வந்திருந்தார்கள். இரண்டாம் பாதி தொடங்கியதுமே பிரேசில் கோல் போட்டது. பிறகு உருகுவேயின் கிஜ்ஜா வலது ஓரமாக ஓடிவந்து பந்தை நடுவே கொடுக்க, ஸ்கியாஃபினோ அதைக் கோலாக்கினார். 1-1. பரவாயில்லை, டிரா போதும். 79வது நிமிடம் அதே கிஜ்ஜா, அதே ஓரம். இந்த முறையும் நடுவேதான் கொடுப்பார் என்று கணித்த பார்போசா ஓரடி நகர்ந்தார். கிஜ்ஜா நேராகவே அடித்தார். கோல்கீப்பருக்கும் பக்கத்துக் கம்பத்துக்கும் இடையே இருந்த சந்தில் பந்து நுழைந்துவிட்டது.

அந்த ஓரடிக்குத்தான் ஆயுள் முழுக்கத் தண்டனை.

தோற்றது 11 பேர். ஒரு பயிற்சியாளர் இருந்தார். ஆட்டத்துக்கு முன்பே வெற்றி வாழ்த்து அச்சடித்த பத்திரிகைகள் இருந்தன. ஆனால் பழி போய் உட்கார்ந்தது மூன்று பேர் தலையில்: பார்போசா, பிகோட்ஜி, ஜுவெனால். மூவரும் கறுப்பு நிறத்தவர்கள். அமெரிக்கக் கண்டங்களிலேயே கடைசியாக, 1888இல்தான் அடிமை முறையை ஒழித்த நாடு அது. கறுப்பர்களுக்கு நெருக்கடியைத் தாங்கும் மனத்திடம் இல்லை என்ற பழைய பேச்சு ஊருக்குள் ஏற்கெனவே இருந்தது. அந்த ஆட்டம் அதற்குச் 'சாட்சி' ஆகிவிட்டது. பயிற்சியாளர் ஃப்ளாவியோ கோஸ்டா சில ஆண்டுகளில் மறுபடி தேசிய அணிக்கே பயிற்சியாளராக வந்தார். பார்போசாவோ, 1990களில் அணியைப் பார்க்கப் போனபோது ராசியில்லாதவர் என்று உள்ளே விடாமல் திருப்பி அனுப்பப்பட்டார். "பிரேசிலில் அதிகபட்ச சிறைத் தண்டனையே 30 வருடம்தான், நான் 50 வருடமாக அனுபவிக்கிறேன்" என்ற பொருளில் அவர் சொன்னது பிரசித்தம். 2000ஆம் ஆண்டு இறந்துபோனார்.

இப்படி ஒருவர் தலையில் ஊரே பழியைக் கட்டுவதைப் 'பலிகடா ஆக்குவது' என்கிறோம். அலுவலகத்திலிருந்து அரசியல் வரை எங்கும் புழங்கும் சொல். ஆனால் இந்தக் கருத்தின் மூலக் கதையில் பழியைச் சுமந்த ஆடு பலியாகவே இல்லை.

கதை பழைய ஏற்பாட்டில், லேவியராகமம் 16ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஆண்டுக்கொரு முறை நடக்கும் பாவநிவாரணச் சடங்கு. இரண்டு வெள்ளாட்டுக் கடாக்களைக் கொண்டுவந்து சீட்டுப் போடுவார்கள். ஒன்று கடவுளுக்கு, அது வெட்டப்படும். இன்னொன்றின் தலைமேல் ஆசாரியன் இரு கைகளையும் வைத்து, மக்கள் செய்த பாவங்களையெல்லாம் அறிக்கையிட்டு, அதை அதன் மேல் 'ஏற்றி', உயிரோடு வனாந்தரத்துக்கு விரட்டிவிடச் செய்வான். தமிழ் பைபிளில் இந்த இரண்டாவது ஆட்டுக்குப் போக்காடு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். போகவிடப்பட்ட ஆடு. அருமையான சொல், ஏனோ புழக்கத்துக்கு வரவில்லை. பார்போசா விஷயத்தில் பலிகடாவை விட இதுதான் சரியான வார்த்தை என்பேன். அவரை யாரும் கொல்லவில்லை. ஊரை விட்டுத் தள்ளிவைத்தார்கள், 50 வருடம்.

சடங்கில் இன்னொரு விஷயமும் கவனிக்க வேண்டும். எந்த ஆடு என்பதைச் சீட்டுதான் முடிவு செய்கிறது. இரண்டுக்கும் சம வாய்ப்பு. எந்த ஆடும் எந்தப் பாவமும் செய்யவில்லை என்பது அங்கிருக்கும் எல்லோருக்கும் தெரியும். நிஜ வாழ்க்கையில் நடப்பது இதற்கு நேர்மாறு. சீட்டில் முன்பே ஓர் அடையாளம் வைத்துவிடுகிறார்கள். அப்புறம், விரட்டுகிறவர்களுக்குத் தாங்கள் சடங்கு நடத்துகிறோம் என்பதே தெரிவதில்லை. ஆடுதான் குற்றவாளி என்று மனதார நம்புகிறார்கள்.

இந்த நம்பிக்கையைத்தான் பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரெனே ஜிரார் (1923-2015) வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தார். அவர் சொன்னதைச் சுருக்கிச் சொல்வதானால்: ஒரு சமூகத்துக்குள் பொறாமையும் பகையும் முற்றி, எல்லோரும் எல்லோரோடும் மோதும் நிலை வரும்போது, கோபம் திடீரென்று ஒரே ஆள்மீது திரும்புகிறது. அதுவரை அடித்துக்கொண்டவர்கள் அவனை எதிர்ப்பதில் ஒன்றாகிறார்கள். அவனைத் துரத்தியதும் நிஜமாகவே அமைதி வருகிறது. அமைதி வந்ததாலேயே, 'பார்த்தாயா, அவனால்தான் எல்லாமே' என்ற நம்பிக்கையும் உறுதியாகிவிடுகிறது. மருந்து வேலை செய்துவிட்டதல்லவா, நோயைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

யாரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்? ஜிராரின் பதில், விளிம்பில் இருப்பவரை. திருப்பி அடிக்க ஆள் பலம் இல்லாத அந்நியர், சிறுபான்மையினர், ஊனமுற்றவர் ஒரு பக்கம். மறுபக்க விளிம்பில் அரசன். உச்சியில் இருப்பவனும் ஊரோடு ஒட்டாதவன்தானே, கூட்டம் திரும்பினால் அவனும் தனியாள்தான். இன்றைக்கு அரசர்கள் குறைவு. நட்சத்திரங்கள் அந்த இடத்தில் இருக்கிறார்கள். அப்படியானால் சிறுபான்மையிலிருந்து வந்த நட்சத்திரம்? இரண்டு விளிம்பும் ஒரே ஆளிடம்.

புகழ் இதில் செய்கிற வேலை எளிமையானதுதான். லட்சக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் ஒருவரைத் திட்ட வேண்டுமானால், அவரை லட்சக்கணக்கான பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரைத் திட்டினால் தெரு மட்டும்தான் சேரும். அதோடு, ரசிகர்களுக்கு நட்சத்திரத்தின் மீது ஓர் உரிமை உணர்வு உண்டு. நாங்கள் பார்த்து வளர்ந்தவன் நீ, எங்களையே ஏமாற்றிவிட்டாயே என்கிற ஆத்திரம் முன்பின் தெரியாதவர்மேல் வராது.

நிறம் எங்கே நுழைகிறது என்று பார்க்க 2021 ஜூலை 11க்குப் போகலாம். லண்டன் வெம்ப்ளி, யூரோ கோப்பை இறுதிப் போட்டி, இத்தாலிக்கு எதிராக. இங்கிலாந்து ஆண்கள் அணி 1966க்குப் பிறகு ஒரு பெரிய கோப்பையின் இறுதியை எட்டியது அப்போதுதான். 1-1 என முடிந்து பெனால்டிக்குப் போனது. ஹாரி கேன் போட்டார், மெக்வயர் போட்டார். ராஷ்ஃபோர்டின் பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. சான்சோவும் சாகாவும் அடித்ததை இத்தாலி கோல்கீப்பர் தடுத்தார். சாகாவுக்கு அப்போது 19 வயது. சில மணி நேரத்தில் மூவரின் இன்ஸ்டாகிராம் பக்கங்களிலும் குரங்குப் படங்கள், 'உன் நாட்டுக்கே போ' என்ற வசைகள். எந்த நாடு? ராஷ்ஃபோர்ட் பிறந்தது மான்செஸ்டரில், மற்ற இருவரும் லண்டனில். அன்று இத்தாலி அணியிலும் இரண்டு பேர் பெனால்டியைத் தவறவிட்டார்கள். அதை இன்று யாரும் பேசுவதில்லை.

தோற்றால் வீரர்களைத் திட்டுவது எங்கும் உள்ளதுதானே, இதில் இனம் எங்கே வந்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு டேவிட் பெக்கம் பதில். 1998 உலகக் கோப்பையில் அர்ஜென்டினா வீரரைக் காலால் தட்டி, சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார், இங்கிலாந்தும் வெளியேறியது. லண்டனில் ஒரு மதுக்கடை வாசலில் அவருடைய கொடும்பாவியைத் தூக்கில் தொங்கவிட்டார்கள். மாதக்கணக்கில் மைதானம் மைதானமாகக் கூச்சலிட்டார்கள். அவரும் போக்காடுதான், சந்தேகமே இல்லை. ஆனால் பழி அவருடைய காலோடு நின்றது. அவர் இங்கிலாந்துக்காரரா என்று ஒருவரும் கேட்கவில்லை. வெள்ளைக்காரர்கள் எல்லோருமே இப்படித்தான் என்றும் யாரும் சொல்லவில்லை. 2001இல் கிரீஸுக்கு எதிராக ஒரு ஃப்ரீ கிக் அடித்து அணியை உலகக் கோப்பைக்குக் கொண்டுபோனார், வனாந்தரத்திலிருந்து திரும்பிவிட்டார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். உடைந்தது ஒரே குடம்தான்.

இதை உள்ளிருந்து சொன்னவர் மெசுத் ஓசில். ஜெர்மனியில் துருக்கியக் குடும்பத்தில் பிறந்தவர், 2014இல் ஜெர்மனிக்காக உலகக் கோப்பை வென்றவர். 2018இல் துருக்கி அதிபர் எர்டோகனோடு படம் எடுத்துக்கொண்டார். அது விமர்சிக்க வேண்டிய செயல் என்பதே என் எண்ணமும். ஆனால் அந்த ஆண்டு உலகக் கோப்பையில் ஜெர்மனி முதல் சுற்றிலேயே தோற்று வெளியேறியதும், படமும் தோல்வியும் ஒரே கணக்கில் எழுதப்பட்டன. தேசிய அணியை விட்டு விலகியபோது அவர் சொன்னது: ஜெயித்தால் நான் ஜெர்மானியன், தோற்றால் வந்தேறி. பெல்ஜியத்தின் லுகாகுவும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார். நன்றாக ஆடினால் பத்திரிகைகளில் 'பெல்ஜிய வீரர்', சொதப்பினால் 'காங்கோ வம்சாவளி பெல்ஜிய வீரர்'. 2021 அக்டோபரில் டி20 உலகக் கோப்பையில் இந்தியா பாகிஸ்தானிடம் 10 விக்கெட்டில் தோற்றபோது, பந்து வீசிய அத்தனை பேரில் முகமது ஷமி மீது மட்டும் மத வசை பாய்ந்ததையும் இதே வரிசையில் வைக்கலாம். அடையாளம் மாறும், சீட்டுப் போடும் விதம் மாறாது.

தோற்றால்தான் என்றில்லை, ஜெயித்ததே குற்றம் ஆன கதையும் உண்டு. ஜாக் ஜான்சன் 1908இல் ஹெவிவெயிட் குத்துச்சண்டை உலகச் சாம்பியன் ஆனார், அந்தப் பட்டத்தை வென்ற முதல் கறுப்பர். அவரை வீழ்த்த ஒரு வெள்ளையர் வேண்டும் என்று தேடி, ஓய்வில் இருந்த முன்னாள் சாம்பியன் ஜெஃப்ரீஸைக் கூட்டிவந்தார்கள். 1910 ஜூலை 4 அன்று அவரையும் ஜான்சன் வென்றார். அன்றிரவு அமெரிக்க நகரங்கள் பலவற்றில் கலவரம். செத்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள். குத்துச்சண்டைப் படச்சுருள்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோகக் கூடாது என்று 1912இல் சட்டமே வந்தது. மறுவருடம், வெள்ளைப் பெண்ணோடு பயணம் செய்ததை வைத்து ஜான்சனுக்குத் தண்டனை. 2018இல் மன்னிப்பு வழங்கினார்கள், அவர் இறந்து 72 வருடம் கழித்து.

சினிமா, இசைப் பக்கம் வந்தால் இன்னொரு கேள்வி முக்கியமாகிறது: யார் தப்பித்தார்கள்? 2004 பிப்ரவரி 1, அமெரிக்கன் ஃபுட்பால் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலின் இடைவேளை நிகழ்ச்சி. கறுப்பரான ஜானெட் ஜாக்சனும் வெள்ளையரான ஜஸ்டின் டிம்பர்லேக்கும் பாடினார்கள். கடைசியில் டிம்பர்லேக்கின் கை ஜானெட்டின் மேலாடையைப் பிடித்து இழுக்க, மார்பு தெரிந்தது. அரை விநாடிக்குச் சற்று அதிகம், 16இல் 9 பங்கு விநாடி என்று பின்னால் அளந்து சொன்னார்கள். தொலைக்காட்சி நிறுவனத்துக்கு 5,50,000 டாலர் அபராதம். அதைப் பிறகு நீதிமன்றம் ரத்து செய்தது. அடுத்த வாரம் கிராமி விழா. டிம்பர்லேக் வந்தார், மன்னிப்புக் கேட்டார், இரண்டு விருது வாங்கிப் போனார். ஜானெட் அங்கே இல்லை. இழுத்த கை யாருடையது என்பதை மறுபடி ஒருமுறை படித்துப் பாருங்கள்.

பழியில் தனக்கு வந்தது பத்து சதவீதம் இருக்கும், அமெரிக்கா பெண்களிடமும் வெள்ளையர் அல்லாதவர்களிடமும் கூடுதல் கடுமை காட்டுகிறது என்று டிம்பர்லேக்கே 2006இல் ஒரு பேட்டியில் ஒப்புக்கொண்டார். 2018இல் அதே இடைவேளை மேடைக்கு அவரே முதன்மைப் பாடகர். ஜானெட்டிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது 2021இல். யோகோ ஓனோவையும் இங்கே ஒரு வரியில் நினைவுகூரலாம். மேலாளர் இறந்து, பணத்தகராறு முற்றி, நான்கு பேர் முகம்கொடுத்துப் பேசாமல் உடைந்தது பிரிட்டிஷ் இசைக்குழு பீட்டில்ஸ். ஊர் பழித்தது குழுவின் ஜான் லெனனை மணந்த அந்த ஜப்பானியப் பெண்ணை. அவரால் குழு உடையவில்லை என்று அந்த நால்வரில் ஒருவரான பால் மெக்கார்ட்னியே 2012இல் சொன்ன பிறகும் அந்தப் பேச்சு ஓயவில்லை.

இதுவரை சொன்னதை வைத்து, பலியாக்கப்படுபவர் எப்போதும் அப்பாவி என்று எண்ணிவிடக் கூடாது. நிஜக் குற்றச்சாட்டு உள்ள ஒருவர் மேலும் அவருக்கு உரியதல்லாத சுமையை ஏற்றலாம். 1994 ஜூனில், இரட்டைக் கொலை வழக்கில் கறுப்பின விளையாட்டு நட்சத்திரம் ஓ.ஜே. சிம்ப்சன் கைதானதும், காவல்துறை எடுத்த ஒரே புகைப்படத்தை அமெரிக்காவின் இரண்டு பெரிய வாரப் பத்திரிகைகள் அட்டையில் போட்டன. நியூஸ்வீக் அப்படியே போட்டது. டைம் அதைக் கருமையாக்கிப் போட்டது. கடைகளில் இரண்டும் அருகருகே தொங்கியதால் எல்லோருக்கும் வித்தியாசம் கண்ணுக்கெதிரே தெரிந்தது. அவர் கொன்றாரா இல்லையா என்பது ஒரு கேள்வி. அந்த முகத்தை இன்னும் கறுப்பாக்க ஏன் தோன்றியது என்பது முற்றிலும் வேறு கேள்வி.

இப்போது எனக்கு மிகவும் சங்கடமான உதாரணம். 2007 ஜனவரி, பிரிட்டனில் செலிபிரிட்டி பிக் பிரதர், நம்மூர் பிக் பாஸ் மாதிரியான தொலைக்காட்சி நிகழ்ச்சி. உள்ளே ஷில்பா ஷெட்டி. அவருடைய உச்சரிப்பைக் கேலி செய்தார்கள், பெயரைச் சொல்லத் தெரியாததுபோல நடித்தார்கள், சமையலறையில் சூப் கட்டிக்காக ஒரு பெரிய சண்டை வெடித்தது. முன்னால் நின்று கத்தியவர் ஜேட் குடி. 44,000க்கும் அதிகமான புகார்கள் குவிந்தன. பாட்னாவில் தயாரிப்பாளர்களின் கொடும்பாவி எரிந்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேச்சு வந்தது. அந்நேரம் இந்தியாவுக்கு வந்திருந்த நிதியமைச்சர் கார்டன் பிரவுன் இதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. ஜேட் வெளியேற்றப்பட்டார், ஷில்பா ஜெயித்தார்.

ஜேட் பேசியது இனவெறிதான். அதில் மழுப்ப ஒன்றுமில்லை. ஆனால் அடுத்த சில வாரங்களில் அந்த நாட்டுப் பத்திரிகைகளைப் பார்த்தால், பிரிட்டனில் இனவெறி என்று ஒன்று இருந்தால் அது முழுக்க இந்த ஒரு பெண்ணிடம்தான் இருந்தது என்று தோன்றும். அவர் ஏழை வீட்டுப் பெண், படிப்பு ஏறாதவர், 2002இல் முதல்முறை பிக் பிரதரில் வந்தபோதே 'பன்றி' என்று எழுதிச் சிரித்த அதே பத்திரிகைகள்தான் பிறகு அவரை நட்சத்திரம் ஆக்கின. அவருடைய தந்தையே கலப்பினத்தவர் என்பது யாருக்கும் தேவைப்படாத தகவலாகிவிட்டது. கேமராவுக்குப் பின்னால் இருந்து எதைக் காட்டலாம் என்று வெட்டி ஒட்டியவர்களின் முகம் யாருக்கும் தெரியாது. ஒழுங்குமுறை ஆணையம் பின்னர் தொலைக்காட்சி நிறுவனத்தின் மீதே விதிமீறல் என்று தீர்ப்பளித்தபோது, கூட்டம் கலைந்துபோயிருந்தது. அதாவது இனவெறியைக் கண்டிப்பதிலும் போக்காடு உண்டு. தன் பாவத்தை ஒரு கீழ்த்தட்டுப் பெண்ணின் தலையில் ஏற்றி அனுப்பிவிட்டு, நாடு நிம்மதியாகக் கை கழுவியது. அடுத்த ஆண்டு ஷில்பா தொகுத்து வழங்கிய இந்திய பிக் பாஸுக்கே ஜேட் வந்தார். தனக்குப் புற்றுநோய் என்ற செய்தி அந்த வீட்டுக்குள்தான் அவருக்கு வந்தது. 2009 மார்ச்சில், 27 வயதில் இறந்தார். இறந்ததும் அதே பத்திரிகைகள் அழுதன.

அப்படியானால் பிரபலங்களை விமர்சிக்கவே கூடாதா? தாராளமாக விமர்சிக்கலாம். ஓசிலின் படத்தையும் ஜேட்டின் வாயையும் நானே மேலே விமர்சித்திருக்கிறேன். விமர்சனம் ஒரு செயலைப் பற்றிப் பேசும், செயலின் அளவோடு நிற்கும், திருத்திக்கொண்டால் முடிந்துபோகும். அடுத்த முறை ஒரு பெயர் திடீரென்று எல்லோர் வாயிலும் விழும்போது, அந்த ஆள் செய்தது என்ன, அவர்மேல் ஏற்றியது என்ன என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓரடி நகர்ந்ததற்கு 50 வருடம் என்பதுபோல இடைவெளி பெரிதாக இருந்தால், ஆடு எங்கோ நிற்கிறது என்று அர்த்தம். 'இவர்கள் எல்லோருமே இப்படித்தான்' என்ற வாக்கியம் காதில் விழுந்தால், சீட்டில் அடையாளம் வைத்தாயிற்று. அந்த நேரத்தில் சத்தம் போடாமல் வீட்டுக்குப் போகிறவர் யார் என்றும் கொஞ்சம் திரும்பிப் பார்க்கலாம்.

2024 ஜூலை 6, டுசெல்டார்ஃப், மறுபடியும் யூரோ கோப்பை, காலிறுதி. சுவிட்சர்லாந்திடம் 0-1 எனப் பின்தங்கி இங்கிலாந்து வெளியேறவிருந்த நேரத்தில், 80வது நிமிடத்தில் சாகா கோல் போட்டுச் சமன் செய்தார். ஆட்டம் பெனால்டிக்குப் போனது. சாகா மறுபடி பந்தை எடுத்துக்கொண்டு நடந்துவந்தார், இந்த முறை உள்ளே போட்டார், இங்கிலாந்து ஜெயித்தது. மறுநாள் எங்கு பார்த்தாலும் அவருக்குப் பாராட்டு. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்தப் பந்து உள்ளே போகும்வரை அவர் எந்த நாட்டுக்காரர் என்ற யோசனையும் கூடவே ஓடியது.